ஸ்க்ரூஜும் பதினெட்டரை நிமிஷமும்

டிசம்பர் மாசம் மினியாபொலிஸில் நாடகம் பார்க்கப் போகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. கதை என்னன்னு யாரையும் கேட்க வேண்டாம். கத்ரீ தியேட்டரில் கஞ்சக் கிழவன் ஒருத்தன் ஒரே ராத்திரியில் திருந்துவான். பக்கத்து ஊரான செயின்ட் பாலில் பெனம்ப்ரா குழு 'பிளாக் நேட்டிவிட்டி' போட்டால் மாட்டுக்கொட்டகையில் குழந்தை பிறக்கும். சில்ட்ரன்ஸ் தியேட்டரில் கிரிஞ்ச் போடுகிற வருஷமென்றால் பச்சை நிறத்தில் ஒரு ஜந்து பண்டிகையைத் திருடிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும். நட்கிராக்கர் பாலேயில் எலிராஜா செத்துப்போவான். முடிவு தெரிந்த கதைகளுக்குத்தான் கூட்டம் அம்முகிறது, அதுவும் மைனஸ் இருபது டிகிரி குளிரில்!

நான் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். எங்கள் ப்ராஜெக்ட் சில்லறை வியாபாரம் சம்பந்தப்பட்டது என்பதால், தேங்க்ஸ்கிவிங்கிலிருந்து ஜனவரி வரைக்கும் புரொடக்‌ஷனில் ஒரு கமாவைக்கூட மாற்றக் கூடாது. ஆக டிசம்பரில் ஆணி குறைவு. ஊருக்குப் போகலாமே என்பீர்கள். விசா ஸ்டாம்பிங்குக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்ட நண்பர்களின் கதை கேட்டபின் அந்த ஆசை போயிற்று. இது நாலாவது டிசம்பர். நாடகம் பார்ப்பதும், பார்த்ததைப் பற்றி நாலு வரி கிறுக்குவதுமாக ஓடுகிறது.

இந்த ஊர்ப் பத்திரிகை விமர்சகர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கத்ரீ 1963இல் ஹாம்லெட் போட்டுத் தொடங்கிய தியேட்டர். 1975லிருந்து டிசம்பர் என்றால் அங்கே டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்'தான். 2020இல் கொரோனாவில் அரங்கம் மூடிக் கிடந்தபோதுகூட விடவில்லை, கம்ப்யூட்டர் திரையில் பார்க்கிற மாதிரி ஒன்று செய்து தந்தார்கள். 2024இல் ஐம்பதாவது தயாரிப்பு. பார்பரா ஃபீல்ட் எழுதிய நாடக வடிவம் முப்பத்தைந்து வருஷம் ஓடியது. அப்புறம் கிறிஸ்பின் விட்டல் எழுதியது. 2021லிருந்து லவீனா ஜத்வானி என்கிற இந்திய வம்சாவளிப் பெண் எழுதியது. வடிவம் மாறலாம், கிழவன் மாற மாட்டான். இதைப் பற்றி ஒரு மனுஷன் வருஷா வருஷம் புதுசாக என்னதான் எழுதுவான்? செட் போன தடவையைவிடப் பெரிசு, மூணாவது பேய்க்கு உயரம் போதவில்லை, டைனி டிம்மாக வந்த பொடியன் நன்றாகப் பேசுகிறான். அவ்வளவுதான் தேறும்.

எனக்கு இந்தக் கஷ்டம் இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் வளர்ந்தவன். திருவிழாவுக்குத் திருவிழா வள்ளி திருமணம் பார்த்தவன். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். முருகன் ஒரு ஊர், வள்ளி ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பே. வள்ளி கடைசியில் முருகனைக் கட்டிக்கொள்வாள் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். இந்த வருஷத்து வள்ளி தர்க்கத்தில் முருகனை எப்படி மடக்கப் போகிறாள் என்று பார்க்கத்தான் சனம் பாயோடு வந்து உட்காரும். "போன வருஷமும் இதே கதைதானே" என்று யாராவது சொன்னால் அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

என் ரூம்மேட் அதைத்தான் சொன்னான். "அதே கிழவன், அதே பேய். இதுக்குக் காசு குடுத்து, பனியில வழுக்கி விழுந்து போகணுமா மச்சி?"

இந்தப் பண்டிகை நாடகங்களைச் சுற்றி ஓடுகிற காசு சுவாரசியமான விஷயம். டிசம்பர் வசூல்தான் பல தியேட்டர்களுக்கு வருஷம் பூராவும் சோறு போடுகிறது. ஏப்ரலில் பாதி நாற்காலி காலியாக ஓடப்போகிற புது நாடகத்துக்கு இப்போதே படி அளப்பவன் ஸ்க்ரூஜ்தான். பாலே குழுக்களுக்கு நட்கிராக்கர் அதே மாதிரி. 1892இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியபோது பெரிய வரவேற்பு இல்லை. 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் முழுசாகப் போட்டு, 1954இல் நியூயார்க்கில் பாலன்ஷீன் போட்டபிறகு அமெரிக்காவில் பிடித்துக்கொண்டது. காசை விட மனசில்லாத ஒரு கிழவனின் கதை இத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கிறது என்பதை டிக்கன்ஸே ரசித்திருப்பார் :-)

சரி, நான் சொல்ல வந்தது வேறு. எல்லாரும் இதைக் குடும்ப நாடகம் என்கிறார்கள், பேய்க்கதை என்கிறார்கள். எனக்கு இது ஆபீஸ் நாடகம்.

முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதுகிற கிளார்க் பாப் க்ராச்சிட். வாரத்துக்குப் பதினைந்து ஷில்லிங் சம்பளம். கரிப்பெட்டி முதலாளியின் அறையில் இருக்கும். அதை எடுக்கப் போனால் வேலை போய்விடும் என்பதால் மெழுகுவத்தியில் குளிர் காய்கிறான். (எங்கள் தளத்தில் தெர்மோஸ்டாட்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டு போட்டுப் பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம் என்று இதுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.) வருஷத்துக்கு ஒருநாள் சம்பளத்தோடு லீவு கேட்பதை, தன் சட்டைப்பையில் கை விடுவதாக நினைக்கிற முதலாளி. கடைசியில் ஸ்க்ரூஜ் திருந்தி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் முந்திக்கொண்டு ஆபீஸுக்கு வந்து காத்திருக்கிறான். க்ராச்சிட் லேட். எவ்வளவு லேட் என்று கணக்கே வைத்திருக்கிறார் டிக்கன்ஸ்: பதினெட்டரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தை எழுதியவர் கண்டிப்பாக எங்கோ டைம்ஷீட் போட்டு நொந்த ஆசாமியாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த ஆபீஸ் விஷயம் தற்செயலாக வந்ததில்லை. 1843இல் சின்னப் பிள்ளைகளை ஆலைகளில் வேலை வாங்குவது பற்றி பிரிட்டிஷ் அரசின் விசாரணை அறிக்கை ஒன்று வந்தது. அதைப் படித்துக் கொதித்த டிக்கன்ஸ் முதலில் துண்டுப் பிரசுரம் எழுதத்தான் நினைத்தார். பிறகு மனசு மாறி, ஆறே வாரத்தில் இந்தக் கதையை எழுதி முடித்தார். டிசம்பர் 19ஆம் தேதி வெளியாகி, கிறிஸ்துமஸுக்குள் ஆறாயிரம் பிரதிகள் தீர்ந்துவிட்டன. பிப்ரவரி 1844க்குள் லண்டனில் எட்டு மேடைகளில் நாடகமாகவும் ஓடியது.

அந்தக் கோபம் மேடைக்கு வருகிறதா என்பதுதான் நான் பார்ப்பது. இரண்டாவது பேய் தன் அங்கியை விலக்கும்போது காலடியில் எலும்பும் தோலுமாக இரண்டு குழந்தைகள் இருக்கும். பையன் பெயர் அறியாமை, பெண் பெயர் வறுமை. புத்தகத்திலேயே பயங்கரமான இடம் எனக்கு அதுதான். போன வருஷம் புறநகரில் ஒரு சின்னக் குழுவின் நாடகம் பார்த்தேன். அந்த இரண்டு குழந்தைகளையும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் கூடுதலாக ஒரு பாட்டு. பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உப்புப் போடாத பொங்கலில் எத்தனை முந்திரி போட்டு என்ன?

ஃபெஸ்ஸிவிக் காட்சியை மட்டும் யாரும் வெட்டுவதில்லை, டான்ஸ் இருக்கிறதே. ஸ்க்ரூஜ் வாலிபத்தில் வேலை பார்த்த கடையின் முதலாளி அவர். பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, எல்லாரையும் கூப்பிட்டு ஆட்டம் போடுவார். செலவு சில பவுன்தான். ஆனால் செய்கிற வேலையைச் சுமையாக்குவதும் சந்தோஷமாக்குவதும் அவர் கையில் இருந்தது என்று கிழட்டு ஸ்க்ரூஜ் சொல்லிக்கொண்டே வந்து, சட்டென்று தன் கிளார்க்கை நினைத்துப் பேச்சை நிறுத்துவான். கூட்டம் அப்போதும் டான்ஸுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். நல்ல நடிகர் என்றால் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அந்தச் சில விநாடிக்காக நான் மறுபடி டிக்கெட் எடுப்பேன்.

இந்த சீசனில் இதற்கு நேர் எதிரான நாடகம் ஒன்றும் உண்டு. பீட்டர் ராத்ஸ்டீன் எழுதி, லாட்டே டா குழு 2007இல் தொடங்கிய 'ஆல் இஸ் காம்'. 1914 கிறிஸ்துமஸ் அன்று பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்து எதிரியோடு கை குலுக்கிய சிப்பாய்களின் கதை. வாத்தியமே கிடையாது, வெறும் ஆண் குரல்கள், நிஜக் கடிதங்களிலிருந்து எடுத்த பேச்சு. இதில் யாரும் திருந்துவதில்லை. பண்டிகை முடிந்ததும் மேலதிகாரிகள் பழையபடி சுடச் சொல்வார்கள், சுடுவார்கள். வெளியே வரும்போது யாரிடமும் பேசத் தோன்றாது. இந்த ஊரில் ஒரே ஒரு பண்டிகை நாடகம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள் என்பேன், ஸ்க்ரூஜ் கோபித்துக்கொண்டாலும் சரி.

என்னை முதன்முதலில் கத்ரீக்குக் கூட்டிக்கொண்டு போனவர் என் டீமில் இருந்த பெரியவர் ஒருவர். பிறந்து வளர்ந்தது எல்லாம் இதே ஊர். தன் பிள்ளைகள் சின்னதாக இருந்ததிலிருந்து வருஷம் தவறாமல் பார்க்கிறாராம். நான் வந்த முதல் டிசம்பரில், "தனியா என்ன பண்ணப் போற, வா" என்று வீட்டுக்காரம்மாவோடு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். மேடையில் க்ராச்சிட் மெழுகுவத்தியில் கையைக் காய்ச்சும்போது பக்கத்திலிருந்து என் முழங்கையில் இடித்து, "நம்ம தளம்" என்றார். இந்த நவம்பர் கடைசியில் எங்கள் டீமில் மூன்று பேரைத் தூக்கினார்கள். அவரும் அதில் ஒருவர். காலை ஒன்பதரைக்கு மீட்டிங், பத்து மணிக்கு அவருடைய லாகின் செத்துவிட்டது. மேஜையில் இருந்த பேரப்பிள்ளைகள் போட்டோவை நான்தான் மறுநாள் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் இன்னும் வைக்கவில்லை.

அவர் பார்த்த ஆன்-கால் முறையையும் பிரித்துக் கொடுத்தாயிற்று. 24, 25 இரண்டு நாளும் என் பெயர். "உங்களுக்கு இது பண்டிகை இல்லைதானே?" என்று டேமேஜர் கேட்ட தொனியில் தப்பாக எதுவும் இல்லை, நிஜமாகவே உதவி கேட்டார். சரி என்றேன்.

23ஆம் தேதி ராத்திரிக் காட்சிக்கு மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன். அவருக்கும் அம்மாவுக்கும் சேர்த்து. ஃபெஸ்ஸிவிக் காட்சி வரும்போது அவர் முகத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. முதலில் வருகிறாரா பார்க்கலாம். மெசேஜ் அனுப்பி இரண்டு நாளாகிறது, நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. நாளைக்கு சாயங்காலம் போன் பண்ணணும்.