பந்தும் பணமும்

மன்ற மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று செயலாளர் கேட்டபொழுது அவர் மனத்தில் இருந்தது நெய்தல் திணை. கடற்கரை ஊர்க்காரன் ஆகையால் எனக்கு அதுதான் கைவரும் என்று எண்ணினார் போலும். நெய்தல் நிலத்திலிருந்துதான் எழுதுகிறேன். ஆனால் எழுதப்போவது கால்பந்தைப் பற்றி. செயலாளர் பொறுத்தருள்வாராக.

களியக்காவிளையிலிருந்து கடலை நோக்கி இறங்கினால் தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என வரிசையாக மீனவ ஊர்கள். எங்கள் ஊரும் அவ்வரிசையில் ஒன்று. எல்லைக்கு இப்பால், கேரளத்தில், பொழியூர். எல்லைக்கோடு அரசாங்கத்துக்கு உண்டு, பந்துக்குக் கிடையாது. ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள். கரையேறிய மறுநாள் மாலையே மணலில் பந்து உருளத் தொடங்கிவிடும். சந்தோஷ் கோப்பைக்கு வீரர்களை அனுப்பிய பெருமை பொழியூருக்கு உண்டு. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் நாட்டின் முதல்தரத் தொடரிலேயே ஆடியவர். எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கு அவர் பெயர் மனப்பாடம். முதலமைச்சர் பெயரைக் கேட்டால்தான் சற்று யோசிப்பார்கள்.

எங்கள் வீட்டில் கால்பந்துக்கு ஆசான் மாமா. அம்மாவின் தம்பி. கடலில் பாதி வாழ்நாளைக் கழித்தவர். மீதியைத் தொலைக்காட்சி முன் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்குக் கொடுத்தவர். 2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் பெரிய அணிகள் பன்னிரண்டு சேர்ந்து, தங்களுக்கென்று தனியாக ‘சூப்பர் லீக்’ ஒன்றைத் தொடங்கப்போவதாக அறிவித்தன. இங்கிலாந்தின் ஆறு, ஸ்பெயினின் மூன்று, இத்தாலியின் மூன்று. மாமாவின் அணியும் அவற்றுள் ஒன்று. மொத்தம் 20 அணிகள். அவற்றுள் நிறுவிய 15 அணிகளுக்கு நிரந்தர இடம். தோற்றாலும் கடைசியில் நின்றாலும் அவர்கள் வெளியேற வேண்டியதில்லை. மீதி ஐந்து இடங்களுக்குத்தான் மற்றவர்கள் ஆண்டுதோறும் போட்டியிடலாம்.

நான் கைபேசியில் படித்துச் சொன்னேன். மாமா பீடியை அணைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “தோத்தாலும் அவன் அங்கதான் இருப்பானாம். பின்னே எதுக்கு லே பந்து? ஆபீசுக்குப் போயி கையெழுத்துப் போட்டுட்டு வரட்டுமே” என்றார்.

இரண்டு நாள்தான் நிலைத்தது அந்தத் திட்டம். 20ஆம் தேதி லண்டனில் செல்சி அணியின் மைதானத்துக்கு வெளியே அவ்வணியின் அன்பர்களே திரண்டு சாலையை மறித்தார்கள். அன்றிரவுக்குள் ஆங்கிலேய அணிகள் ஆறும் விலகிவிட்டன. ஜெர்மானிய அணிகள் முதலிலேயே சேரவில்லை. அங்கே 1998 முதல் ஒரு விதி உண்டு. ஒருசில அணிகள் நீங்கலாக, அணியின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் அதன் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். அதாவது ஆட்டம் பார்க்க வருகிற சாதாரண மக்களிடம். முதலாளி எவ்வளவு பணம் கொட்டினாலும் அவர்களைக் கேளாமல் அணியை நகர்த்த முடியாது. மே 2ஆம் தேதி மான்செஸ்டரிலும் அன்பர்கள் மைதானத்துக்குள்ளேயே புகுந்துவிட, லிவர்பூலுடன் நடக்கவிருந்த ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. தம் அணியின் ஆட்டம் நின்றுபோனதற்கு மாமா மகிழ்ந்ததை அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன். 2023 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், அத்தகைய போட்டிகளுக்கு முன்னனுமதி கேட்ட கால்பந்து ஆட்சியாளர்களின் விதிமுறையே சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் இங்கிலாந்தின் ஆறு அணிகளும் திரும்பிச் செல்லவில்லை. நீதிபதிகளைவிடத் தெருவுக்கு அவர்கள் அதிகமாக அஞ்சினார்கள் என்பது மாமாவின் கட்சி.

இந்தக் கதையை நம் விடுதியில் ஒருநாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அறைத்தோழர் மலப்புறத்துக்காரர். கேரள பிளாஸ்டர்ஸ் அணியின் மஞ்சள் சட்டை எங்கள் அறைக் கதவாணியில் எப்போதும் தொங்கும். முழுவதும் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்வி கேட்டார்: “அளியா, அவர்கள் தடுத்தார்கள். நமக்கு அதே காரியம் நடந்தபோது நீயும் நானும் என்ன செய்தோம்?”

உண்மைதான். நமக்கும் நடந்தது, நாம் கைதட்டினோம்.

2010இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ரிலையன்ஸ்–ஐ.எம்.ஜி. கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. பணம் கட்டியவர்களுக்கு இடம்; இறக்கம் கிடையாது, ஏற்றமும் கிடையாது. ஏற்கெனவே நடந்துவந்த ஐ-லீக் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் இரண்டே நாளில் செத்த ஏற்பாடு இங்கே இனிதாக வளர்ந்தது. நான் அப்போது சிறுவன். டெண்டுல்கர் பங்குதாரராம், டேவிட் ஜேம்ஸ் கொச்சியில் கோல் காக்கிறாராம் என்று வாய் பிளந்தவர்களில் நானும் ஒருவன்.

அதன் விலை எனக்குப் புரிந்தது 2019 மார்ச் 9 அன்று. மாமாவும் நானும் ரயிலேறிக் கோயம்புத்தூர் போனோம். ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி அணி அங்கே மினர்வா பஞ்சாபை எதிர்த்து ஆடியது. வென்றால் பட்டம் எங்களுக்கு. இல்லையேல், கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் அதைக் கொண்டுபோகும் நிலை. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே எங்களுக்கு ஒரு கோல் விழுந்தது. இடைவேளையில் மாமா தேநீர்கூடக் குடிக்கவில்லை. பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதற்குமேல் நடந்ததுதான் வேடிக்கை: தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார்! 3–1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஒரே ஒரு புள்ளியில் பட்டம் நம்முடையது. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் பட்டம் வெல்வது அதுவே முதல்முறை. மாமா என்னைத் தோளில் தூக்கப் பார்த்தார். எனக்கு அப்போது 16 வயது, அவரால் முடியவில்லை.

அவ்வாண்டே சூப்பர் லீக்கை நாட்டின் முதல்தரத் தொடர் என்று கூட்டமைப்பு அறிவித்தது. ஆசியக் கூட்டமைப்பும் அதை ஏற்றுக்கொண்டது. பட்டம் வென்ற அணி இருந்த இடத்திலேயே நிற்க, படிக்கட்டு அதற்குக் கீழே இறங்கிவிட்டது. சில ஆண்டுகளுக்குள் சென்னை சிட்டி அந்தத் தொடரிலும் இல்லாமற் போயிற்று. கோகுலம் கேரளா 2021இலும் 2022இலும் தொடர்ந்து பட்டம் வென்றது. அதற்கும் கதவு திறக்கவில்லை. ஐ-லீக் வெற்றியின் வழியாக மேலே போன முதல் அணி, 2023இல், பஞ்சாப்.

இவ்வளவும் சொன்னபோது அறைத்தோழர் மறுக்கவில்லை. ஆனால் அவரிடமும் ஒரு வழக்கு இருந்தது. அதை நான் மறைப்பது அறமாகாது. “பணம் வருவதற்கு முன் எங்களிடம் என்ன இருந்தது? 1990இலும் 1991இலும் கேரள போலீஸ் ஃபெடரேஷன் கோப்பை வென்றது. சத்தியன், விஜயன், பாப்பச்சன் எல்லோரும் போலீஸ் உத்தியோகத்தில் இருந்தவர்கள். உத்தியோகம் சோறு போட்டது. ஆட்டம் பேர் தந்தது. உத்தியோகத்தை நம்பாமல், 1997இல் எஃப்.சி. கொச்சின் தொடங்கினார்கள். அந்த ஆண்டே டூரண்ட் கோப்பை. 2002இல் மூடிவிட்டார்கள். ஏன்? பணம் இல்லை. உன் மாமா வெறுக்கும் அதே பணம்!” என்றார். பிறகு, “நானும் பணத்தை எதிர்த்திருக்கிறேன், தெரியுமா?” என்று மற்றொன்றும் சொன்னார்.

அது நம் வளாகத்தோடு தொடர்புடையது. 2018இல் கொச்சி ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் இந்தியா–மேற்கிந்தியத் தீவு கிரிக்கெட் ஆட்டம் நடத்த முடிவு செய்தார்கள். முந்திய ஆண்டு பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகப் பாடுபட்டு வளர்த்த புல்தரை அது. அதைத் தோண்டி கிரிக்கெட் ஆடுகளம் போடுவதா என்று கால்பந்து அன்பர்கள் கொதித்தெழுந்தார்கள். பள்ளி மாணவரான நம் நண்பரும் கையெழுத்துத் திரட்டினாராம். ஆட்டம் இடம் மாற்றப்பட்டது. எங்கே? இங்கே, காரியவட்டத்துக்கு! அவ்வாண்டு நவம்பர் 1 அன்று மேற்கிந்தியர் 104 ஓட்டங்களுக்குச் சுருண்டார்கள். நாம் தினந்தோறும் கடந்துபோகிற அந்த மைதானத்தில்தான், 2016 ஜனவரி 3 அன்று, சுனில் சேத்ரி கூடுதல் நேரத்தில் கோலடித்து ஆப்கானிஸ்தானை 2–1 என்று வென்று தெற்காசியக் கோப்பையைத் தூக்கினார். கொச்சியின் புல்லைக் காப்பாற்றினார்கள். காரியவட்டத்துப் புல்லுக்காக யாரும் கையெழுத்துத் திரட்டவில்லை. நண்பரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

இனி, சிரிக்க முடியாத பகுதி.

என் பெரியம்மாவின் மகன், அண்ணன், நல்ல ஆட்டக்காரன். மாமாவின் முதல் மாணவன். வெளிமாநில அணி ஒன்றில் ஒப்பந்தம் கிடைத்தபோது ஊரே பேருந்து நிறுத்தம்வரை வந்தது. அணியின் பெயர் வேண்டாம். முதலில் சம்பளம் வந்தது, பிறகு தாமதமாக வந்தது, பிறகு நின்றது. நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பையும் இரண்டு ஜோடி பூட்ஸுமாகத் திரும்பி வந்தான். ஒரு வாரத்துக்குள் தோப்பும்படித் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட விசைப்படகில் ஏறிவிட்டான். “கடல்ல மீன் படலேன்னாலும் பங்கு கணக்கு முன்னால இருக்கும் மக்கா. அங்க யார்கிட்ட கணக்குக் கேக்கணும்னே தெரியல” என்றான். அதற்குமேல் அவன் அதைப்பற்றிப் பேசியதில்லை. பூட்ஸைத் தம்பியிடம் கொடுத்துவிட்டான்.

அந்தச் சமயத்தில் மேல்மாடியும் ஆடத் தொடங்கியது. 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தது, புதுப்பிப்பார் இல்லை. ஜூலையிலேயே அவ்வாண்டின் தொடர் நிறுத்திவைக்கப்பட்டது. சில அணிகள் சம்பளத்தை நிறுத்தின. கூட்டமைப்பு ஏல அறிவிப்பு விட்டது. நவம்பரில் பார்த்தால் ஒரு நிறுவனம்கூட விலை கேட்கவில்லை. பெரிய வீரர்களே உலகக் கூட்டமைப்பிடம் முறையிட்டார்கள். 2026 பிப்ரவரியில்தான், அதுவும் சுருக்கிய தொடராக, ஆட்டம் தொடங்கியது. அந்த மாதங்களில் எங்கள் கதவாணியில் மஞ்சள் சட்டை துவைக்கப்படாமல் தொங்கிற்று. இறக்கமே இல்லாத வீடு என்று கட்டினார்கள். வீட்டுக்காரரே போய்விட்டால் என்ன செய்வது என்று எவரும் கணக்கிடவில்லை.

இதற்கிடையே கேரளத்துக்கென்றே ஆறு அணிகளோடு 2024இல் இன்னொரு சூப்பர் லீக் வந்தது. நம் நகரத்துக்கும் ஓர் அணி, கொம்பன்ஸ். பாளையத்தருகே காவல்துறையாரின் சந்திரசேகரன் நாயர் மைதானத்தில் ஆடுகிறார்கள். நண்பரும் நானும் போயிருந்தோம். இதுவும் பணத்தால் வாங்கிய இடங்கள்தாம், தெரிந்துதான் போனோம். பொழியூர்ப் பக்கத்துச் சிறுவர்கள் தம்பட்டத்தோடு வந்திருந்தார்கள். ஆட்டம் நன்றாயிருந்தது. நான் கத்தினேன். கொள்கை என்னவாயிற்று என்று யாரேனும் கேட்டால், தொண்டை கட்டியிருந்ததால் விடை சொல்ல முடியவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் அம்மா தொலைபேசியில் அழைத்தாள். என் தம்பியை, 17 வயது, ஓர் அணி தேர்வுக்கு வரச் சொல்லியிருக்கிறது. “அண்ணன் பட்டது போதாதா? நீ படிச்சவன், நீ சொல்லு. அனுப்பவா வேண்டாமா?” என்றாள். நான் படித்தது தமிழ் இலக்கியம். இதற்கு அதில் பதில் இல்லை. மாமாவைக் கேட்டேன். “அந்தக் காலம்னா திருவிதாங்கூர் பாங்கிலயோ டைட்டானியத்திலயோ சேர்த்துவிட்டிருப்பேன்” என்றார். அந்த வங்கி 2017இலேயே ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவோடு இணைந்துவிட்டதை நினைவூட்டினேன். “பாங்கையுமா லே?” என்று கேட்டுவிட்டு மௌனமானார்.

அறைத்தோழர்தான் நடைமுறையாகப் பேசினார். போகட்டும், ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் சம்பளம் எந்தத் தேதியில், தவறினால் எந்த நாளில் விடுதலை என்று எழுதி வாங்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை விடக்கூடாது. போலீஸ், மின்சார வாரியம் என்று விளையாட்டு வீரருக்கு இடமுள்ள வேலைகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். மஞ்சள் சட்டைக்காரர் போலீஸ் வேலையைப் பரிந்துரைத்தது எனக்கு வியப்பு. நான் அதைத் தமிழில் பெயர்த்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள், “சரி, போட்டும்” என்றாள்.

தம்பி போய்வந்த அன்று இரவு அழைத்தேன். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல. கூப்பிடுவோம்னாங்க.” சற்றுப் பொறுத்து, “அண்ணே, அங்க புல்லு எப்பிடி இருக்கு தெரியுமா? விழுந்தாலும் வலிக்கல” என்றான்.

மணலில் ஆடிப் பழகிய கால். அண்ணனின் பூட்ஸ் அவனுக்கு ஒரு விரல் பெரிது. முன்னால் துணி திணித்துக் கட்டிக்கொண்டு ஆடினானாம்.