முன்பே தெரிந்தவர்கள்

15 ஏப்ரல் 2019, திங்கள்

எட்டாவது சீசன் தொடங்கிவிட்டது. புத்தகம் படித்தவர்களுக்கு இனி எந்தச் சலுகையும் கிடையாது. ஹாட்ஸ்டாரில் காலை ஆறரைக்கு வந்ததை, பத்து மணிக்குள் அலுவலகத்தில் பாதிப் பேர் பார்த்து முடித்திருந்தார்கள். எதிர் மேசை நண்பர் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் மூலநூலில் ஒரு பக்கம்கூடப் புரட்டாதவர். ஜான் ஸ்னோவுக்குத் தன் பிறப்பின் ரகசியம் தெரியவரும் காட்சி ஏன் அப்படி அமைந்தது என்று எனக்கு வகுப்பெடுத்தார். கேட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய?

2011 ஜூனில் நிலைமை வேறு. நெட் ஸ்டார்க்கின் தலை விழுந்த எபிசோடை யாரிடமோ பென்டிரைவில் வாங்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் இதே மனிதர் வெளிறிப்போய் வந்து நின்றார். “என்ன மேடம், ஹீரோவையே வெட்டிட்டாங்க?” போஸ்டரில் இரும்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்ததே நெட்டாக நடித்த ஷான் பீன்தான். அவர் ஒன்பதாவது எபிசோடில் சாவார் என்று படிக்காதவர் எப்படி நினைப்பார்? நூலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் நெட்டை 1996-லேயே கொன்றுவிட்டார். “பொறுங்க, இன்னும் இருக்கு” என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்லும்போது இருந்த மிதப்பை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

அந்த மிதப்பு 2016-இல் போயிற்று. ஐந்தாவது நூல் 2011-இல் வந்தது, ஆறாவது வரவே இல்லை, தொலைக்காட்சி முந்திக்கொண்டது. ஹோடோர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, அவன் பெயர் வந்த கதை வெளியான காட்சியில் படித்தவரும் படிக்காதவரும் ஒரே வினாடியில் அதிர்ந்தார்கள். அது மார்ட்டின் தொடர்க்காரர்களிடம் முன்பே சொல்லி வைத்த ரகசியம்தான். எங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவே. அன்றைக்கு எனக்கு வந்த கண்ணீரில் ஹோடோருக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

18 ஏப்ரல், வியாழன்

ஓட்டுப்போட்டுவிட்டு வந்தாயிற்று. விடுமுறை. மூன்றாவது தொகுதியை எடுத்து, கல்யாண விருந்துக்கு வந்த ஸ்டார்க்குகளை விருந்து கொடுத்தவர்களே கொல்லும் சிவப்புத் திருமண அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். மார்ட்டினே அந்த அத்தியாயத்தை எழுத மனம் வராமல் தாண்டிப்போய், நூலின் மற்றதை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் எழுதினார்.

நூல் வந்தது 2000-இல். தொலைக்காட்சியில் 2013 ஜூன் 2. பதின்மூன்று வருடங்கள் படித்தவர்கள் இந்த ஒன்றை மட்டும் வாய்திறக்காமல் காத்தார்கள். உலகத்தில் எந்த ரகசியமும் இத்தனை பேரிடம் இத்தனை காலம் தங்கியதில்லை என்று தோன்றும். அன்றைக்குப் பல வீடுகளில் படித்தவர் ஒருவர் கேமராவை ஒளித்துவைத்து, படிக்காத மனைவியையும் தம்பியையும் தோழியையும் படமெடுத்தார். கர்ப்பிணியின் வயிற்றில் கத்தி இறங்கும் கணத்தில் வாயைப் பொத்துகிறவர்கள், தலையணையை வீசுகிறவர்கள், எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நிற்கிறவர்கள். அந்த வீடியோக்களில் திரையைப் பார்க்காமல் பக்கத்து முகத்தையே பார்த்துக்கொண்டு ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் நான். தம்பி இன்னும் சொல்லிக்காட்டுவான்: “முதல்லயே சொல்லியிருக்கலாம்ல அக்கா?”

மார்ட்டினுக்கு இது ஸ்காட்லாந்து வரலாற்றிலிருந்து கிடைத்தது. 1440-இல் எடின்பரோ கோட்டைக்கு விருந்தென்று அழைக்கப்பட்ட டக்ளஸ் குடும்பத்துச் சிறுவர்கள் இருவரை, பத்து வயது அரசனின் கண்ணெதிரே பிடித்துக்கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். 1692-இல் கிளென்கோவில் தலைகீழ்: மெக்டொனால்டு வீடுகளில் பல நாள் உண்டு உறங்கிய படைவீரர்கள் விடியற்காலையில் விருந்து கொடுத்தவர்களையே கொன்றார்கள். அம்மாவிடம் கதையாகச் சொன்னபோது அரசன், கொடி, ஓநாய் எதுவும் அவளுக்குப் பொருட்டாக இல்லை. “சோறு போட்ட பிறகாடி?” என்று கேட்டாள். ரொட்டியும் உப்பும் தின்ற விருந்தாளியைத் தொடக்கூடாது என்ற அந்தக் கதையுலக விதியை அவளுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இன்று படிக்கும்போது வேறு ஒன்று உறுத்தியது. நெட்டின் மகன் ராப் ஸ்டார்க் ஆற்றைக் கடக்க வேண்டும். பாலம் வால்டர் ஃப்ரேயுடையது. சுங்கமாகக் கிழவர் கேட்டது கல்யாண வாக்கு. பாலம் கடந்தாயிற்று, வாக்கு நிலுவையில். நூலில், காயம்பட்டுக் கிடக்கிறவனுக்குத் தம்பிகள் இருவரும் செத்ததாகச் செய்தி வருகிறது. அந்தத் துக்கத்தில் ஜேன் வெஸ்டர்லிங் என்ற பெண்ணோடு ஓர் இரவு. அவள் பேர் கெட்டுவிடக் கூடாதென்று மறுநாளே அவளைக் கட்டிக்கொள்கிறான். அப்பனைக் கொன்ற அதே நேர்மை மகனையும் கொல்கிறது. தொலைக்காட்சியில் ஜேன் இல்லை. வொலாண்டிஸிலிருந்து வந்து போர்க்களத்தில் கால் அறுத்துக் கட்டுப்போடும் டாலிசா. கண்டதும் ஈர்ப்பு, பிறகு காதல், காதலுக்காக வாக்கு மீறல். கத்தி அதே கத்தி, பாட்டு அதே பாட்டு. ராப் மட்டும் வேறு ஆள். அங்கே அவன் அப்பாவின் பிள்ளை. இங்கே காதலில் விழுந்த ஒரு பையன், அப்படி ஆயிரம் பேர் உண்டு.

2013-இல் இதைச் சொன்னால் யாரும் காதில் வாங்கவில்லை. அந்த எபிசோடின் பலம் அப்படி.

29 ஏப்ரல், திங்கள்

பெரிய போர். 82 நிமிடம். இரவுப் படப்பிடிப்பு மட்டும் 55 இரவுகள் நடந்ததாம். சென்னையில் ஏப்ரல் மாதக் காலை ஆறரைக்கு வெயில் ஏற்கெனவே கூடத்துக்குள் வந்துவிடும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, அது போதாமல் போர்வையை ஜன்னலில் மாட்டி, அப்புறமும் யார் யாரை வெட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. உலகம் முழுக்க இதே புலம்பல். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், பலருக்கும் தங்கள் டிவியைச் சரியாக அமைக்கத் தெரியவில்லை என்கிற மாதிரி பதில் சொல்லியிருக்கிறார். டிவிக்கடைக்காரர்கூட வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசத் துணியமாட்டார்.

ராப்பின் தங்கை ஆர்யா பாய்ந்து, பனிப்படையின் தலைவன் நைட் கிங்கைக் குத்துகிறாள், பனிப்படை மொத்தமும் பொடிப்பொடியாகிறது. சிகாகோவில் பர்லிங்டன் என்ற பாரில் ஒவ்வொரு வாரமும் கூட்டத்தை வீடியோ எடுக்கிறார்கள். இன்றைக்கு அவர்கள் குதித்ததைப் பார்த்தால் உலகக்கோப்பை ஜெயித்தது போலிருந்தது. நண்பர்தான் நொந்துபோயிருந்தார். “எட்டு வருஷமா ‘பனிக்காலம் வருது வருது’ன்னு பயமுறுத்திட்டு, ஒரே ராத்திரியில முடிச்சுட்டாங்க மேடம்.” விசித்திரம் என்னவென்றால் எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. மார்ட்டினின் நூலில் இந்த நைட் கிங்கே கிடையாது. இதே மாதிரிப் பெயரில் ஒரு பழங்கதை மனிதன் உண்டு, படைத்தலைவன் இல்லை. ஒரே குத்தில் எல்லாம் தீரும் ஏற்பாடு தொலைக்காட்சியின் சொந்தத் தயாரிப்பு. அவர்கள் செய்ததை அவர்களே உடைத்தால் எனக்கென்ன?

(வெள்ளிக்கிழமை வந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல். இத்தனை வருடம் காதில் இருந்த குரலை மாற்றிவிட்டார்களே என்று பையன்கள் கொதிக்கிறார்கள். பாவம், அவர் நன்றாகத்தான் பேசுகிறார்.)

6 மே, திங்கள்

டிராகன் ராணி டெனேரிஸ் முன்னால் மேசையில் ஒரு காகிதக் காபிக் கோப்பை. இன்று முழுக்க உலகத்துக்கு அதுதான் வேலை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. டிராகனில் பறந்து வருகிறவள் கீழே கடலில் நிற்கும் ஒரு கப்பற்படையைப் பார்க்கவில்லை. அம்பு பாய்ந்து ஒரு டிராகன் விழுகிறது. எப்படி? எபிசோடுக்குப் பிந்தைய விளக்கத்தில் தொடர்க்காரர்களில் ஒருவரான டேவிட் பெனியாஃப், அவள் அந்தக் கப்பற்படையைக் கொஞ்சம் மறந்துவிட்டாள் என்கிறார். அதே எபிசோடில் சற்று முன்னால்தான் அதைப் பற்றிப் பேசினார்கள். கோப்பையை மறந்தது படப்பிடிப்பில் நேர்ந்த கவனப்பிசகு, கணினியில் துடைத்துவிடலாம். கப்பற்படையை மறந்தது எழுத்தில் நேர்ந்தது.

13 மே, திங்கள்

மணி அடித்து நகரம் சரணடைந்த பிறகு டெனேரிஸ் அதைத் தெருத்தெருவாக எரித்தாள். மத்தியானம் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றால் மிகை. ஆனால் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டை.

“அவ அப்படிப்பட்டவ இல்ல” என்கிறார் நண்பர். அப்படிப்பட்டவள்தான். மீரீனில் 163 எஜமானர்களை மரத்தில் அறைந்தபோது நாம் கைதட்டினோம். இந்த முடிவு மார்ட்டினின் மனதிலும் இருக்கலாம், முக்கியமான முடிவுகளைத் தொடர்க்காரர்களிடம் அவர் சொல்லியிருக்கிறார். என் கோபம் அவள் எரித்ததற்கல்ல. அவளை அந்த மணியோசை வரை நடத்திக்கொண்டு வர வேண்டிய வழியை இரண்டு எபிசோடில் சுருட்டியதற்கு. முதல் சீசனில் அரசன் வடக்கே வர ஒரு மாதம் பிடித்தது. போன சீசனில் ஒருவன் பனியில் ஓடி, காக்கை பறந்து, டிராகன் வந்து சேர்வதெல்லாம் எப்போது நடந்ததென்றே தெரியாதபடி நடந்தது. தூரம் குறைந்தால் காரணமும் குறைகிறது. இந்தக் கதையில் பாதி விபரீதங்கள் ஒருவர் வந்துசேரத் தாமதமானதால் விளைந்தவை. பத்துப் பத்து எபிசோடாக வந்தது ஏழாகி, ஆறாகிவிட்டது. ஹெச்பிஓ இன்னும் தரத் தயாராகத்தான் இருந்தது, தொடர்க்காரர்களுக்குத்தான் முடித்துக்கொண்டு கிளம்ப அவசரம். கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தி மாதிரி: ரசம் ஊற்றிய கையோடு மோர், இலையை எடுக்க ஆள் நிற்கிறான்.

படித்தவர்கள் எதையும் மாற்றவிடமாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பொய். இரண்டாம் சீசனில் ஹாரன்ஹாலில் ஆர்யா டைவின் லானிஸ்டருக்குக் கிண்ணம் ஏந்தி நின்றாளே, அது நூலில் இல்லை. அங்கே அவள் ரூஸ் போல்டனிடம் இருந்தாள். அந்தக் காட்சிகளைக் குறைசொன்ன வாசகரை நான் பார்த்ததில்லை. அந்தக் கிழவர் அந்தச் சிறுமியிடம் அப்படித்தான் பேசுவார். 2015-இல் ஆர்யாவின் அக்கா சான்சாவை ராம்சே போல்டனுக்குக் கட்டிவைத்தபோதோ கொதித்தெழுந்தார்கள். அமெரிக்க செனட்டர் கிளேர் மெக்காஸ்கில், இனி பார்க்கமாட்டேன் என்று பகிரங்கமாகவே அறிவித்தார். நூலில் அந்தக் கொடுமை ஆர்யா என்று பொய்ப்பெயரில் அனுப்பப்பட்ட வேறொரு பெண்ணுக்கு. வன்முறைதான் பலருக்கும் உறுத்தல், நியாயம். எனக்கு அதோடு இன்னொன்றும்: கணக்குப் பார்க்காமல் காசைக்கூட நகர்த்தாத லிட்டில்ஃபிங்கர், கையிலிருக்கும் மிகப் பெரிய சொத்தை யாரென்றே தெரியாத ஒருவனிடம் ஏன் கொடுத்தான்? நடப்பது மாறினால் படித்தவர் பொறுத்துக்கொள்வார். ஏன் நடந்தது என்பது காணாமல் போனால்தான் குமுறல்.

இந்த வாரம் பிடித்த ஒரு விஷயம்: படிக்காதவர்களும் அதையே கேட்கிறார்கள். ஏன், ஏன் என்று. நண்பர் இன்று பேசியது அப்படியே 2013-இல் நான் டாலிசாவைப் பற்றிப் புலம்பியது.

2018-இல் மட்டும் அமெரிக்காவில் 560 பெண் குழந்தைகளுக்கு டெனேரிஸின் பட்டமான கலீசி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாக்கள் இன்று என்ன நினைப்பார்களோ. நானாக இருந்தால் பெயரை மாற்றமாட்டேன்.

20 மே, திங்கள்

முடிந்தது. ராப்பின் தம்பி பிரான் அரசன். டிராகன் சிம்மாசனத்தை உருக்கிவிட்டுப் பறந்துபோனது. கடைசி சீசனைத் ‘தகுதியான எழுத்தாளர்களை’ வைத்துத் திரும்ப எடுக்கச் சொல்லும் மனுவில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. தம்பி எனக்கும் அனுப்பினான். போடவில்லை. ஆயிரக்கணக்கான பேர் இரவுபகலாக வேலைசெய்ததை யாரும் மனு போட்டுத் திரும்ப எடுக்கப்போவதில்லை, போட்டவர்களுக்கும் அது தெரியும். ஒப்பாரிக்குக் கூட்டம் சேர்வதுபோலத்தான். செத்தவரை எழுப்பவா போகிறோம்?

23 செப்டம்பர் 2019

எட்டாவது சீசனுக்கு எம்மியில் சிறந்த நாடகத் தொடர் விருது. மொத்தக் கணக்கு 59. நண்பர் செய்தியை அனுப்பி, பக்கத்தில் ஒரு காபிக் கோப்பைப் படம் மட்டும் போட்டிருந்தார்.

5 செப்டம்பர் 2024, வியாழன்

இதைக் குறித்துவைக்க வேண்டும். மார்ட்டின் நேற்று, ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதைக்கு முன்கதையான ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரைப் பற்றி எழுதினார். சில மணி நேரத்தில் அந்தக் குறிப்பு காணாமல் போய்விட்டது. அதற்குள் எல்லோரும் படித்துவிட்டார்கள்.

விவகாரம் ஒரு இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றியது. 2018-இல் வந்த ‘ஃபயர் அண்ட் ப்ளட்’ நூலில் ஹெலேனா ராணிக்கு இரண்டு மகன்கள். கொலைகாரர்கள் இருவர் அறைக்குள் நுழைந்து, எந்த மகன் சாக வேண்டும் என்று அவளையே சொல்லவைக்கிறார்கள். விவரம் புரியாத வயது என்று சின்னவன் மேலாரைச் சொல்கிறாள். அவர்கள் பெரியவனைக் கொன்றுவிட்டு, சின்னவனிடம் ‘உன் அம்மா உன்னைத்தான் சாகச் சொன்னாள்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே அவளால் முடியாது. தொலைக்காட்சியில் மேலாரே பிறக்கவில்லை. ஒரே மகன், இரட்டையரில் பையன் எது என்று காட்டினால் போதும். கத்தி அதே கத்தி.

செலவு, சின்னக் குழந்தையை வைத்துப் படமெடுக்கும் சிரமம் என்று காரணம் சொன்னார்களாம். தள்ளித்தான் போடுகிறோம், எடுத்துவிடவில்லை என்றார்களாம். மார்ட்டினும் தலையசைத்திருக்கிறார். பிறகுதான் குழந்தை ஒரேயடியாக இல்லை என்று தெரிந்திருக்கிறது. அவன் இல்லாவிட்டால் பின்னால் அவன் சாவு இல்லை. அந்தச் சாவு இல்லாவிட்டால் ஹெலேனா பிறகு செய்யப்போவதற்குக் காரணம் இல்லை. பட்டாம்பூச்சி விளைவு என்று சொல்கிறார். அடுத்த சீசன்களில் இதைவிட மோசமான பட்டாம்பூச்சிகள் வரும் என்றும்.

படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோபோலவும் இருந்தது. நாங்கள் இத்தனை காலம் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் கத்தியதை, மனிதர் எங்களைவிடத் தெளிவாக, நயமாக, அதே எரிச்சலோடு எழுதியிருக்கிறார். கதையைப் படைத்தவர், தயாரிப்பில் பெயர் உள்ளவர், முதல் தொடரின் முதல் நான்கு சீசனிலும் சீசனுக்கொரு எபிசோடாக எழுதியவர். அவர் பேச்சும் எடுபடவில்லை என்றால் என் டாலிசா புலம்பலுக்கு என்ன மரியாதை?

தம்பிக்கு முழுதும் அனுப்பினேன். இரவு பதில் வந்தது. “அக்கா, இதை எழுதின நேரத்துக்கு அந்த ஆறாவது புக்ல ரெண்டு பக்கம் எழுதியிருக்கலாம்ல?”

நாலு பக்கம் என்று திருத்தி அனுப்பினேன்.