அற்பாயுள் நாதம்

ஒரு வாத்தியத்தின் ஸ்வபாவத்தை அறிய வேண்டுமானால், அதில் எழுப்பிய ஸ்வரம் எவ்வளவு நேரம் உயிரோடிருக்கிறது என்பதைக் கவனிப்பதே சிறந்த வழி. நாகஸ்வரத்தில் மூச்சு உள்ளவரையிலும், பிடிலில் வில் ஓடுகிறவரையிலும் ஸ்வரம் நிலைத்து நிற்கும்; வீணையில் மீட்டிய பிறகு அது மெல்ல மங்கினாலும், வைணிகர் தந்தியை இழுத்து அந்த ஒரே மீட்டிலிருந்து இன்னும் இரண்டு மூன்று ஸ்வரங்களைப் பெறுவதற்கு அவகாசம் தரும். ஹவாய்த் தீவுகளின் வாத்தியமாகிய யுகுலேலேயிலோ, பிறந்த ஸ்வரம் கணப்பொழுதில் தேய்ந்து மறைந்துவிடுகிறது. இதைக் குறையென்று எண்ணி, அதை விளையாட்டுச் சாமான்களோடு சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. பல வருஷங்களாக ஓய்வு நேரங்களில் அதைக் கையிலெடுத்து, ஜீவனத்துக்காக அல்லாமல் மன நிறைவுக்காகவே வாசித்துவருகிற எனக்கு, அந்த அற்பாயுளே இந்த வாத்தியத்தின் மேன்மைக்கு மூலகாரணம் என்றும், அதனோடு இசைந்து நடக்கப் பழகுவதுதான் யுகுலேலேயைக் கற்பது என்றும் உறுதியாகத் தோன்றுகிறது.

இந்த வாத்தியம் பிறந்த கதையே அதன் குணத்தைச் சொல்லும். 1879-ஆம் வருஷம் ஆகஸ்டு 23-ஆம் தேதி, அட்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள மதீரா தீவிலிருந்து வந்த ‘ரேவன்ஸ்கிராக்’ என்ற கப்பல், கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஒப்பந்தம் செய்துகொண்டவர்களும் அவர்களுடைய குடும்பத்தாருமாக 400-க்கு மேற்பட்ட போர்த்துகீசியரை ஹொனலூலு துறைமுகத்தில் இறக்கிவிட்டது. அவர்களுள் மனுவேல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்ற மூவர் மேஜை, அலமாரி முதலியவை செய்வதில் தேர்ந்த தச்சர்கள். தோட்ட வேலையிலிருந்து விடுபட்டு ஹொனலூலுவில் பட்டறை அமைத்த இவர்கள், தங்கள் ஊர் மஷேட் என்னும் சிறு வாத்தியத்தின் உருவத்தையும், ரஜாவ் என்னும் ஐந்து தந்தி வாத்தியத்தின் சுருதி முறையையும் இணைத்து, ஹவாயில் மட்டுமே விளையும் கோவா மரத்தில் இழைத்துக் கொடுத்த புதிய வாத்தியந்தான் யுகுலேலே. நீலகிரி மலைகளில் ஆங்கிலேயர் காலத்தில் நட்டு வளர்த்த ‘பிளாக்வுட்’ மரத்துக்கு நெருங்கிய உறவுடைய வேலினத்து மரம் அந்தக் கோவா. சங்கீதப் பிரியராகிய கலாகௌவா மன்னர் அதை அரண்மனைக்குள் அழைத்து, ஹூலா நடனத்துக்குப் பக்கவாத்தியமாக்கினார். 1915-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் நடந்த பனாமா-பஸிபிக் பொருட்காட்சியில் ஹவாய் இசைஞர்கள் அதை வாசித்ததைக் கேட்டு அமெரிக்கா முழுவதும் அதன்மேல் மோகம் கொண்டது. மறு வருஷமே ஹொனலூலுவில் ஸாமுவேல் கமாகா தம் பட்டறையைத் தொடங்கினார். கப்பலேறி வந்த உழைப்பாளிகள் பாடும்போது துணைக்கு வைத்துக்கொண்ட வாத்தியம், அரசவைக்கும் பொருட்காட்சிக்கும் போய்வந்த பின்னும், பாடுகிறவனுக்குத் துணை என்ற தன் முதல் தர்மத்தை விடவில்லை.

அதன் நாதம் ஏன் சீக்கிரம் ஓய்கிறது என்று ஆராய்ந்தால், மரத்தின் கனத்தையும் தந்தியின் நீளத்தையும் பார்க்க வேண்டும். கித்தாரின் தந்தி மேருவிலிருந்து குதிரைவரை சுமார் 65 சென்டிமீட்டர் இருக்க, ‘ஸொப்ரானோ’ என்னும் சிறிய யுகுலேலேயின் தந்தி சுமார் 34 சென்டிமீட்டர்தான். அக்காலத்தில் நரம்பாலும் இக்காலத்தில் நைலானாலும் ஆன இந்த இலேசான தந்தியில் சேமித்துவைக்கக்கூடிய சக்தி சொற்பம். அந்தச் சொற்பத்தையும், மெலிதாக இழைத்த மேற்பலகை வாங்கிய உடனேயே ஒலியாக்கி வெளியே வீசிவிடுகிறது. ஆகவே, சுருதி மேலோங்கித் துலக்கமாக எழும் ஆரம்பமும் விரைவில் வரும் முடிவும் ஒரே காரணத்தின் இரண்டு காரியங்கள். கனத்த பலகையால் செய்து நாதத்தை நீட்டலாம் என்று முனைந்தால், நீளத்தோடு அந்தத் துலக்கமும் போய்விடும்.

தந்திகளின் அமைப்பில் இன்னொரு விசேஷம் உண்டு. மூன்றாவது தந்தியை ஷட்ஜமாகக் கொண்டால், இரண்டாவது அந்தர காந்தாரம், முதலாவது சதுச்ருதி தைவதம். வாசிப்பவரின் முகத்துக்கு மிக அருகிலுள்ள நான்காவது தந்தி, வழக்கப்படி எல்லாவற்றிலும் தாழ்ந்து ஒலிக்காமல், காந்தாரத்துக்கும் தைவதத்துக்கும் நடுவே பஞ்சமமாக நிற்கிறது. இதனால் கையை மேலிருந்து கீழே கொண்டுவரும்போது ப, ஸ, க, த என்று உயர்வில் தொடங்கித் தாழ்ந்து மறுபடி உயரும் ஒரு வரிசை கேட்கிறது. ஒரு மெட்டையும் தொடாமலே மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களுள் நான்கு இங்கே கிடைத்துவிடுகின்றன. எஞ்சிய ரிஷபமும் மூன்றாம் தந்தியின் இரண்டாவது மெட்டிலேயே இருக்கிறது. கர்நாடக சங்கீதத்தில் காது பழகிய ஒருவர் இந்த வாத்தியத்தை முதன்முதல் மடியில் வைத்துக்கொள்ளும்போது அடையும் இனம் தெரியாத பரிச்சய உணர்ச்சிக்குக் காரணம் இதுவே என்று கருதுகிறேன். கமகத்துக்கு மட்டும் இதில் அதிகம் இடமில்லை. அதை இதனிடம் கேட்பதும் நியாயமில்லை. இதற்கென்று உள்ள வித்தை ஸ்வரக் கூட்டு, அதாவது ‘கார்டு’.

அந்த வித்தையை வலக் கையிலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் அநுபவம். கழுத்தும் உடலும் சேருமிடத்தில் ஆள்காட்டி விரலைத் தளர வைத்து, கீழே செல்லும்போது நகமும், மேலே வரும்போது விரலின் சதையும் தந்திகளைத் தடவும்படி மணிக்கட்டைச் சுழற்றவேண்டும். முழங்கையால் அடித்தால் ஒலி முரடாகும். கை ஒருமுறை அசையத் தொடங்கினால் பாட்டு முடிகிறவரையில் நிற்கலாகாது. தந்தி ஒலிக்கவேண்டாத இடத்திலும் கை நின்றுவிடாமல், தந்தியைத் தொடாமல் காற்றில் மேலும் கீழும் சென்று வரவேண்டும். தாளம் போடுகிறவர், ஓசையுள்ள தட்டுக்குக் கொடுக்கும் கவனத்தை ஓசையில்லாத வீச்சுக்கும் கொடுப்பது போன்றதே இது. நீண்டு ஒலிக்கும் வாத்தியத்தில் காலப் பிரமாணம் சற்றுத் தளர்ந்தாலும் முந்தின ஸ்வரத்தின் மிச்சம் அதை மூடிமறைக்கும். யுகுலேலேயில் அப்படி மூடுவதற்கு ஒன்றுமில்லாமையால், ஒவ்வொரு மீட்டும் தன் இடத்தில் விழுந்தே தீரவேண்டும். நாதம் அற்பாயுளாக இருப்பதால் லயம் சுத்தமாகிறது. மற்ற வாத்தியங்களில் பல காலம் கழித்து வரக்கூடிய இந்தப் பாடத்தை இது முதல் வாரத்திலேயே புகட்டத் தொடங்கிவிடுகிறது.

இடக் கையின் அப்பியாசத்தில், எந்த விரலை எங்கே நகர்த்துவது என்பதைக் காட்டிலும், எந்த விரலை நகர்த்தாமலிருப்பது என்று கண்டுகொள்வதே பெரிய ரகசியம். எண்ணற்ற பாட்டுக்களுக்கு ஆதாரமாக உள்ள நான்கு கூட்டுக்களை எடுத்துக்கொள்வோம். ‘ஸி’ கூட்டுக்கு மோதிர விரல் முதல் தந்தியின் மூன்றாவது மெட்டில் அமர்கிறது, அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டு, நடுவிரலை நான்காம் தந்தியின் இரண்டாவது மெட்டில் வைத்தால் ‘ஏ மைனர்’. நடுவிரல் அங்கேயே இருக்க, ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதல் மெட்டில் வந்து சேர்ந்தால் ‘எஃப்’. இனி ‘ஜி ஸெவன்’ என்னும் கூட்டுக்குப் போகும்போது, ஆள்காட்டி விரல் அசைவதே இல்லை. நடுவிரல் அதே மெட்டில் அடுத்த தந்திக்கு இறங்குகிறது, மோதிர விரல் முதல் தந்தியின் இரண்டாவது மெட்டைத் தொடுகிறது. அசையாத ஆள்காட்டி விரலின் கீழ் இருப்பது மத்யமம். இரண்டு கூட்டுக்களுக்கும் பொதுவான ஸ்வரம் அதுவே. மீண்டும் ‘ஸி’க்குத் திரும்புகையில், மோதிர விரல் தந்தியை விட்டு எழாமலே ஒரு மெட்டு முன்னால் வழுக்கிச் செல்கிறது, அது நிஷாதம் ஷட்ஜத்தை அடையும் பயணம். அதே சமயத்தில் ஆள்காட்டி விரல் எழும்ப, மத்யமம் காந்தாரத்தில் இறங்குகிறது. பாட்டு வீடு திரும்பியது என்று காது உணர்வதும், விரல்கள் உணர்வதும் ஒன்றே. ஸ்வரக் கூட்டுக்களின் உறவைப் பற்றிப் புத்தகங்கள் பல அத்தியாயங்களில் விளக்குவதை, இந்த நான்கு அசைவுகளை நிதானமாகச் செய்கிறவர் தம் விரல் நுனியிலேயே அறிந்துகொள்கிறார். வேகத்தைத் தேடவேண்டியதில்லை, கூட்டு மாறும்போது வலக் கை தடைப்படாத அளவுக்கு மெதுவாக வாசித்து வந்தால், வேகம் தானாகவே வந்து சேரும்.

ஸ்வரக் கூட்டுக்களில் கை படிந்தவருக்கு அடுத்தபடியாக ஓர் ஆனந்தம் காத்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு ஸ்பெயினில் கஸ்பார் ஸான்ஸ் முதலிய கித்தார் ஆசிரியர்கள் போற்றிய ‘கம்பனெல்லா’ என்ற முறையில், அடுத்தடுத்த ஸ்வரங்களை ஒரே தந்தியில் வாசிக்காமல், கூடியவரையில் வெவ்வேறு தந்திகளில் வாசித்து, ஒன்று ஓய்வதற்குள் மற்றொன்று அதன்மேல் படியும்படி செய்வார்கள். புளோரிடாவில் வாழ்ந்த ஜான் கிங் என்ற கலைஞர் இம்முறையை யுகுலேலேயில் கையாண்டு, பாக் பிடிலுக்கென்று இயற்றிய பார்த்தீதாவைத் தனி வாத்தியமாக வாசித்து ஒலிப்பதிவு செய்தார். சங்கராபரணத்தின் ஆரோஹணத்தைக் கொண்டே இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம்: ஸ, ரி மூன்றாம் தந்தியில், க, ம இரண்டாம் தந்தியில், பஞ்சமம் நான்காம் தந்தியில் மெட்டின்றி, தைவதம் முதல் தந்தியில் மெட்டின்றி, நிஷாதம் நான்காம் தந்தியின் நாலாவது மெட்டில், மேல் ஷட்ஜம் முதல் தந்தியின் மூன்றாவது மெட்டில். பஞ்சமமும் தைவதமும் ஒன்றன் ரீங்காரத்தில் மற்றொன்று கலந்து ஒலிப்பதைக் கேட்கும்போது, நான்காம் தந்தியை உயர்ந்த சுருதியில் வைத்தவர்களின் ஞானம் விளங்கும். தனித்து நீளமுடியாத ஸ்வரம், பக்கத்திலுள்ளதன் ஒலியில் நீள்கிறது. தாழ்ந்த ஸ்வரங்கள் வேண்டுமென்று நான்காம் தந்தியைத் தடித்த தந்தியாக மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. அதிலும் நன்மை இருக்கிறது. ஆயினும் நான் பழைய முறையையே விரும்புகிறேன்.

புதிதாக வாங்குகிறவர் விலையைவிட இரண்டு சோதனைகளைக் கவனிக்கவேண்டும். பன்னிரண்டாவது மெட்டில் அழுத்திய தந்தி, திறந்த தந்தியின் மேல் ஸ்தாயியைப் பிசகாமல் தரவேண்டும். முதல் மெட்டில் அழுத்தும்போது சுருதி உயர்ந்து கேட்டால், மேருவின் பள்ளங்கள் போதிய ஆழமில்லை என்று பொருள். தச்சுக் கை உள்ளவர் சிறிது அராவிக் கொடுத்தால் அது சரியாகிவிடும். புதிய நைலான் தந்தி சில நாட்கள்வரை நீண்டுகொண்டே இருக்குமாதலால், சுருதி இறங்குவதைக் கண்டு மனம் தளராமல், ஒவ்வொரு தடவையும் சேர்த்துவிட்டே வாசிக்கவேண்டும். சுருதி சேர்ப்பதும் அப்பியாசத்தின் ஒரு பகுதியே.

அமெச்சூர் வாசிப்பவருக்கு இந்த வாத்தியம் செய்யும் மரியாதையைப் பற்றியும் சொல்லவேண்டும். எட்டி கமாய், ஹெர்ப் ஓட்டா, ஜேக் ஷிமாபுகுரோ போன்ற மேதைகள் இதைத் தனிக் கச்சேரிக்கு உரிய வாத்தியமாக உயர்த்தியிருக்கிறார்கள். அவர்களைக் கேட்பது பாக்கியம். ஆனால் இதன் சரித்திரத்தில் மேதைகளுக்குச் சமமான ஸ்தானம் சாமானியர்களுக்கும் உண்டு. 1949-ல் மாரியோ மாக்காஃபெர்ரி பிளாஸ்டிக்கில் செய்து மலிவாக விற்ற யுகுலேலேக்கள் லட்சக்கணக்கில் வீடுகளுக்குள் புகுந்தன. 1960-களின் பிற்பகுதியில் கனடாவின் ஹாலிபாக்ஸ் நகரத்துப் பள்ளிகளில் சால்மர்ஸ் டோன் என்ற ஆசிரியர், பாடவும் ஸ்வரக் குறிப்பைப் படிக்கவும் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சாதனமாக இதையே தேர்ந்தெடுத்தார். பாடுகிற குரலைத் தன் ஒலியால் அமுக்காத வாத்தியம் இது. மீட்டியவுடன் விலகிக் குரலுக்கு வழிவிடுகிறது. சாரீரம் சுமாரானவர்கூட இதன் துணையோடு தம் வீட்டாருக்கு நடுவே கூச்சமின்றிப் பாடலாம்; கேட்கிறவர்களும் சிறிது நேரத்தில் தாமே சேர்ந்து பாடத் தொடங்கிவிடுவார்கள். இதைப் பல தடவை கண்டிருக்கிறேன். காணும்தோறும் மகிழ்ச்சி குறையவில்லை.

ஆகையால், இதைக் கற்க விரும்பும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பயிற்சிப் பாடங்கள் முடியட்டும், பிறகு பாடலாம் என்று ஒத்திப்போடாமல், சிறு வயதுமுதல் உங்கள் நாவில் பழகிய ஒரு பாட்டை, மேற்சொன்ன நான்கு கூட்டுக்களுள் அடங்கக்கூடிய ஒன்றாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அதை மெதுவாகவும் விடாமலும், வாய்விட்டுப் பாடிக்கொண்டே மீட்டிவாருங்கள். பாட்டும் கையும் ஒரே காலத்தில் நடக்கத் தொடங்கிய நாள்முதல் நீங்கள் வாசிப்பது முழுமையான சங்கீதமே. பிற்பாடு கற்பவை யாவும் அதன் விஸ்தாரம்.