ஒரு டப்பாவில் ஐம்பது தோட்டா!

பி.காம் மூன்றாம் வருடம் படிக்கிற ஒரு பெண்ணின் செலவு நோட்டில் என்னவெல்லாம் இருக்கும்? பஸ் செலவு, போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ், கேன்டீன் பாக்கி... மதுரையில் ஒருத்தியின் நோட்டில் இவற்றோடு "தோட்டா - 2 டப்பா" என்றும் ஒரு வரி இருந்தது.

பயப்பட வேண்டாம் நண்பர்களே! அவள் ரைபிள் கிளப்பில் சேர்ந்து 50 மீட்டர் ப்ரோன் (அதாவது குப்புறப் படுத்துக்கொண்டு சுடும்) பிரிவுக்குப் பயிற்சி எடுப்பவள். துப்பாக்கி கிளப்புடையது. தோட்டாவும் கிளப் வழியாகத்தான் வாங்க வேண்டும். எண்ணிக் கொடுப்பார்கள், சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளை எண்ணி வாங்கிக்கொள்வார்கள். காசு மட்டும் அவளுடையது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுத்துச் சம்பாதித்த காசு.

கிரிக்கெட் ஆடுகிறவர்கள் ஒரு பந்தை வைத்து ஒரு மாதம் ஓட்டிவிடலாம். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் காசு வெடித்துப் போகிறது. திரும்பப் பொறுக்கி எடுக்க முடியாது!

இந்த விளையாட்டின் தோட்டாவுக்குப் பெயர் "பாயிண்ட் டூ டூ லாங் ரைபிள்". 1887-லிருந்து இருக்கிறது. முனையில் இருக்கும் ஈயக் குண்டின் எடை 40 கிரெய்ன், சுமார் 2.6 கிராம். இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். சட்டைப் பட்டன் அளவு! ஐம்பது மீட்டரில் இருந்து அந்தப் பட்டனை அறுபது முறை தொட வேண்டும். அதுதான் ப்ரோன் போட்டி.

ஒரே அளவு தோட்டாதான், ஆனால் விலையில் ஏகப்பட்ட படிகள். ஒரே கம்பெனியின் கீழ்ப்படித் தோட்டாவுக்கும் உச்சிப்படித் தோட்டாவுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் இருப்பது சாதாரணம். எஸ்.கே ஸ்டாண்டர்ட் பிளஸ் பயிற்சிக்கு என்று பலர் வாங்குவது. அதற்கு மேலே லாபுவா சென்டர்-எக்ஸ், மிடாஸ் பிளஸ், எக்ஸ்-ஆக்ட். இங்கிலாந்தின் ஈலி டெனெக்ஸ், ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ் ஆர்50 எல்லாம் பெரிய போட்டிகளில் பார்க்கலாம்.

காமர்ஸ் மாணவி என்ன செய்வாள்? இருப்பதிலேயே மலிவான தோட்டாவை வாங்கினாள். ஒரு டப்பா காசில் இரண்டு டப்பா, நிறையச் சுட்டால் நிறையப் பழக்கம் என்பது அவள் கணக்கு. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது இல்லையா?

மூன்று மாதம் ஓடியது. பத்து, பத்து, பத்து என்று வரும். திடீரென்று மேலே ஒரு எட்டு, கீழே ஒரு எட்டு. கோச், "விசையை வெடுக்குன்னு இழுக்கிறேம்மா" என்றார். அவள் விரலைத் திருத்தினாள். அப்புறம் மூச்சைத் திருத்தினாள். அப்புறம் தோளில் கட்டை பதியும் இடத்தைத் திருத்தினாள். சரியாக இருந்ததையும் திருத்தித் திருத்திக் கெடுத்ததுதான் மிச்சம். எட்டு மட்டும் போகவில்லை.

ஒரு நாள் கூடப் பயிற்சி எடுக்கும் சீனியர் அக்கா தன் டப்பாவில் இருந்து பத்துத் தோட்டா கொடுத்தாள். பத்தும் ஒரு ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தால் இல்லை... மூன்று மாதமாகத் தன் தப்பு எது, தோட்டாவின் தப்பு எது என்று தெரியாமலே பயிற்சி எடுத்திருக்கிறோமே என்று.

இதற்குக் காரணம் எளிதானது. தோட்டாவுக்குத் தோட்டா உள்ளே இருக்கும் மருந்தும், எரியும் விதமும், ஈயத்தின் வடிவமும் துளி மாறினால் வேகம் மாறுகிறது. போட்டித் தோட்டாவின் வேகம் நொடிக்குச் சுமார் 325 மீட்டர். இலக்கை அடைவதற்குள் புவியீர்ப்பால் குண்டு 12, 13 சென்டிமீட்டர் இறங்கும். வேகம் எப்போதும் ஒன்றாக இருந்தால் கவலை இல்லை, அதற்கேற்ப சைட்டை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு தோட்டா 10 மீட்டர் வேகம் குறைந்து வந்தால்? கணக்குப்படி சுமார் 8 மில்லிமீட்டர் கீழே போகும். சட்டைப் பட்டனே 10.4 மில்லிமீட்டர்தான்! (அப்படியானால் இன்னும் வேகமான தோட்டா வாங்கலாமே என்று தோன்றும். கூடாது. ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பும் குண்டு, வழியில் வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கும்போது தடுமாறும்.)

அப்படியானால் விலை அதிகமானதை வாங்கிவிடலாமா? அதற்குக் காசு எங்கே?

அவளுடைய அப்பாவுக்குக் கீழமாசி வீதிப் பக்கம் சின்ன அரிசிக் கடை. ராத்திரி சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"ஏம்மா, குத்தூசி போட்டுப் பாக்காம மூட்டைய வாங்குவாங்களா?"

அரிசிக் கடை தெரிந்தவர்களுக்குக் குத்தூசி தெரியும். மூட்டையைப் பிரிக்காமலே குத்தி, ஒரு பிடி அரிசியை வெளியே எடுக்கும் ஊசி. பெயர் பொன்னி என்றாலும் இந்த லோடு வேறு, அடுத்த லோடு வேறு. வியாபாரி பெயரைப் பார்த்து வாங்குவதில்லை, பிடியைப் பார்த்துத்தான் வாங்குவார்.

தோட்டாவிலும் இதே கதைதான். டப்பாவின் மேல் லாட் நம்பர் அச்சடித்திருக்கும். ஒரே பெயர், ஒரே விலை, ஆனால் லாட் மாறினால் குணம் மாறும். இன்னொரு விசேஷம், ஒரு துப்பாக்கிக் குழலுக்குப் பிடித்த லாட் பக்கத்துத் துப்பாக்கிக்குப் பிடிக்காது! அதனால்தான் பெரிய வீரர்கள் ஜெர்மனியின் ஷோனெபெக்கில் இருக்கும் லாபுவா சோதனைக் கூடத்துக்கோ, பர்மிங்காம் பக்கம் இருக்கும் ஈலி கூடத்துக்கோ துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். குழலை இடுக்கியில் இறுக்கிப் பிடித்து, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, பிடித்த லாட்டை மொத்தமாக வாங்கி வருகிறார்கள்.

மதுரைப் பெண் ஜெர்மனி போக முடியாது. கிளப்பில் எப்போதும் கேட்டு வாங்கும் நாலாம் நம்பர் துப்பாக்கி, மணல் மூட்டை, மூன்று விலையில் மூன்று டப்பா. அவ்வளவுதான் அவள் சோதனைக் கூடம். காற்றில்லாத மூன்று காலைகள். டப்பாவுக்கு ஐம்பது தோட்டா. முதல் பத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு கம்பெனியும் குண்டின் மேல் வேறு வேறு மெழுகு பூசுகிறது, பழைய மெழுகு போய்ப் புதியது குழலில் படிய அத்தனை தோட்டா பிடிக்கும். மிச்சம் நாற்பதை நான்கு பத்தாகப் பிரித்து நான்கு தாளில் சுட்டாள். ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்த்துவிட்டு "பிரமாதம்" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. ஐந்து தோட்டா அதிர்ஷ்டத்திலும் ஒன்றாக விழும்.

முடிவு என்ன தெரியுமா? மலிவுத் தோட்டாவில் பத்துக்கு எட்டு அழகாக விழுந்தன. மீதி இரண்டுதான் ஊர் சுற்றின. சராசரி பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். (பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் வாழ்க்கையில் உதவாது என்று சொன்னது யார்? :-)) உயர்ந்த விலைத் தோட்டா நன்றாக இருந்தது. ஆனால் நடுவிலைத் தோட்டாவின் அந்த லாட், நாலாம் நம்பர் குழலில் அதற்குக் கொஞ்சமும் இளைக்கவில்லை!

அது மலிவைவிட இரண்டு மடங்கு விலை. அதே காசில் பாதித் தோட்டாதான் வரும். வாரம் இருநூறா, நூறா? அவள் நூறைத் தேர்ந்தெடுத்தாள். குறைந்த நூறுக்குப் பதிலாகத் தோட்டாவே போடாமல் குறி பார்த்து விசையை இழுக்கும் டிரை ஃபயரிங். செலவு பூஜ்யம், பிடியில் இருக்கும் பிசகு அப்பட்டமாகத் தெரியும். சுடுகிற நூறும் உண்மை பேசும் நூறு. எட்டு விழுந்தால் அது தோட்டாவின் எட்டா என்ற சந்தேகம் பெரும்பாலும் இல்லை.

ஒரே சிக்கல். இறக்குமதிச் சரக்கு. அடுத்த முறை வரும்போது அந்த லாட் இருக்காது. போட்டிவரை தாங்க வேண்டுமானால் இரண்டு பெட்டி, அதாவது ஆயிரம் தோட்டா, இப்போதே வாங்கிவிட வேண்டும். டியூஷன் காசு பத்தாது. அப்பா கல்லாவில் இருந்து எண்ணிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கடை நோட்டில் அவள் பெயரில் பற்று எழுதினார். மகளாக இருந்தாலும் கணக்கு கணக்குதான்!

இது பணக்காரர் விளையாட்டு என்று சொல்வார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் த்ரீ பொசிஷனில் 451.4 புள்ளியோடு வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே, கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்து ஆசிரியரின் மகன். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். சுட்டது இதே பாயிண்ட் டூ டூ தோட்டாதான். காசு நிறைய இல்லாதவர்கள் கணக்கு நிறையப் போட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

போட்டிக்கு அவள் உயர்ந்த விலைத் தோட்டா வாங்கவில்லை. அதே லாட்டில் மூன்று டப்பாவைப் பிரிக்காமல் எடுத்து வைத்திருந்தாள். அறுபது போட்டிக்கு, மிச்சம் முன்னால் சுட்டுப் பார்க்க. புதுத் தோட்டா என்றால் சைட்டும் மாறும், மெழுகும் மாறும், மனசும் மாறும்.

கடைசிப் பத்தில் வலது பக்கம் ஒரு 8.9 விழுந்தது. பதக்கம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "தோட்டா சரியில்லையாம்மா?"

"தோட்டா நல்லாத்தான்ப்பா இருந்துச்சு. கொடி திரும்பினதை நான்தான் பாக்கல."

ஒரு வருடம் முன்னால் இப்படிப் பதில் சொல்ல அவளால் முடிந்திருக்காது. அந்த 8.9 அவளுடையது. அதைத் திருத்த முடியும். நடுவிலைத் தோட்டா வாங்கிக் கொடுத்தது அதைத்தான்.

கடை நோட்டில் இன்னும் இரண்டு மாதத் தவணை பாக்கி இருக்கிறது.