ஆறு விண்மீன்கள், நான்கு சக்கரங்கள்

சென்ற அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் மகன் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தான். கல்லூரியை முடித்து முதல் வேலையில் சேர்ந்து அப்போதுதான் சில மாதங்கள் ஆகியிருந்தன. தாளில் மூன்று கார்களின் பெயர்கள், ஆண்டு, ஓடிய தூரம், விலை. ஒரு சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், ஒரு மிட்சுபிஷி லேன்சர் எவல்யூஷன், ஒரு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர். மூன்றும் பழைய வண்டிகள். மூன்றுக்கும் பொதுவானவை இரண்டு. எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போகும்; பார்த்தால் சாதாரணக் குடும்ப வண்டி, ஓட்டினால் அப்படியில்லை.

"நீங்களும் வாங்கப்பா, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றான்.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக வசிக்கிறேன். இங்கே வருடத்தில் ஐந்து மாதங்களுக்குப் பனியைப் பற்றிப் பேசாமல் இருவர் பேச்சை முடிக்க முடியாது. நான்கு சக்கர இயக்கம் இங்கே ஆடம்பரமாகக் கருதப்படுவதில்லை. பனி தள்ளும் மண்வெட்டியைப் போல அதுவும் வீட்டில் இருக்கவேண்டிய ஒன்று. ஆனால் மகனின் தாளில் இருந்த வண்டிகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை எதற்காக உருவானவை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். 2002இல் அவற்றில் ஒன்றை நானே வாங்கியிருக்கிறேன்.

இந்த வண்டிகளின் பூர்வீகம் ராலிப் பந்தயம். நான்கு சக்கர இயக்கம் அதுவரை பெரும்பாலும் ஜீப்புகளுக்கும், ஜப்பானில் சுபாரு செய்த சில வண்டிகளுக்கும் உரியதாக இருந்தது. 1980இல் வெளிவந்த ஆடி குவாட்ரோ அதைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. சேற்றிலும் சரளைக்கல்லிலும் பனியிலும் அதை மற்றவர்களால் துரத்திப் பிடிக்க முடியவில்லை. 1987 முதல் ராலியின் உச்சப் பிரிவில் ஒரு விதி நடைமுறையில் இருந்தது. பந்தயத்தில் ஓடும் காரைப் போன்ற வண்டிகளை ஆயிரக்கணக்கில் தயாரித்துப் பொதுமக்களுக்கு விற்றாகவேண்டும். 1992இல் சுபாருவின் டபிள்யூஆர்எக்ஸும் மிட்சுபிஷியின் எவல்யூஷனும் பிறந்ததற்கு இந்த விதிதான் காரணம். பந்தயத்தில் வெல்வதற்காகச் செய்த இயந்திரம், விதியின் நிர்ப்பந்தத்தால், மாதச் சம்பளக்காரனின் கைக்கு எட்டியது. 1995இல் காலின் மெக்ரே சுபாருவில் உலக சாம்பியன் ஆனார். அடுத்த நான்கு வருடங்கள் தொடர்ந்து டாமி மாக்கினன் மிட்சுபிஷியில் வென்றார். ஒரு தலைமுறைக்கு இவ்விரு வண்டிகளும் எம்ஜிஆரும் சிவாஜியும் போல. ஒருவர் ரசிகர் இன்னொருவர் படத்துக்குப் போகமாட்டார்.

வேடிக்கை என்னவென்றால் அமெரிக்காவில் இவை இரண்டுமே அப்போது விற்பனைக்கு இல்லை. இங்குள்ள பையன்கள் இவற்றை ஓட்டிப் பழகியது தொலைக்காட்சித் திரையில். 'கிரான் டூரிஸ்மோ' என்ற பிளேஸ்டேஷன் விளையாட்டில், கடையில் வாங்க முடியாத இந்தக் கார்களை இரவெல்லாம் ஓட்டினார்கள். டபிள்யூஆர்எக்ஸ் 2001இல் இங்கே வந்தது. எவல்யூஷன் 2003இல் வந்தது. வாங்க வந்தவர்கள் ஏற்கெனவே காதலில் விழுந்திருந்தார்கள். விற்பனையாளர் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நான் அந்தப் பையன்களில் ஒருவன் அல்ல. சுபாருவின் அமெரிக்கக் கிளை தொண்ணூறுகளில் தன் வாடிக்கையாளர்கள் யார் என்று ஆராய்ந்தபோது ஐந்து கூட்டத்தார் தெரியவந்தனர். ஆசிரியர்கள், மருத்துவத் துறையினர், கணினித் துறையினர், மலையேற்றம், படகு என்று வெளியில் சுற்றுபவர்கள், பிறகு தன்பாலின உறவில் வாழும் பெண்கள். கடைசிக் கூட்டத்தாரை நோக்கி நேரடியாக விளம்பரம் செய்ய மற்ற நிறுவனங்கள் தயங்கிய காலத்தில் சுபாரு செய்தது. அந்த நன்றியும் விசுவாசமும் இன்றுவரை தொடர்கின்றன. நான் மூன்றாவது கூட்டம். பனிக்குப் பாதுகாப்பான வண்டி வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் அதே கடையில் அதே பாதுகாப்புடன் இன்னும் மலிவான வண்டிகள் இருந்தன. 227 குதிரைத்திறனும், பானட்டின் மேல் காற்றை விழுங்கும் அந்த வாயும், சுமார் 24,000 டாலர் விலையும் எனக்கு ஏன் தேவைப்பட்டன என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது.

அந்த வண்டியின் முகப்பில் ஆறு விண்மீன்கள் உண்டு. சுபாரு என்பது ஜப்பானிய மொழியில் கார்த்திகை மீன் கூட்டத்தின் பெயர். நம் சங்கப் பாடல்கள் அறுமீன் என்று சொல்வதும் அதையேதான். ஊரில் கார்த்திகை இரவுகளில் மொட்டைமாடியில் அம்மா விரல் நீட்டிக் காட்டிய அதே கூட்டம், பனி மூடிய ஒரு தேசத்தில் காரின் மூக்கில் ஒட்டிக்கொண்டு வந்ததில் எனக்கு ஒரு ரகசியச் சந்தோஷம் இருந்தது.

நானும் மகனும் மூன்று வார இறுதிகளில் மூன்று வண்டிகளையும் பார்த்தோம்.

டபிள்யூஆர்எக்ஸை விற்றவன் இருபத்தைந்து வயதுக்குள் இருப்பான். லாரி எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் வேலை. நகத்திடுக்கில் போகாத கறுப்பு. வண்டி வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிட்டது. ஏதேனும் மாற்றம் செய்திருக்கிறாயா என்று கேட்டேன். "லேசாகத்தான்" என்றான். கராஜின் மூலையில் கழற்றி வைத்த அசல் பாகங்கள் அட்டைப்பெட்டிகளில் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. அவன் மனைவி வாசல்படியில் நின்றிருந்தாள், நிறைமாதம். குழந்தை இருக்கையைப் பின்னால் வைத்துப் பார்த்தார்களாம், வைக்க முடிந்ததாம், "ஆனால் இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்கும்?" என்று கேட்டான். எதிரே இன்னொரு டபிள்யூஆர்எக்ஸ் வந்தால் ஓட்டுபவர்கள் கையசைத்துக்கொள்வது இவர்களிடையே ஒரு வழக்கம். நாங்கள் சோதனைக்கு ஓட்டிப்போனபோது ஒருவர் எங்களுக்குக் கையசைத்தார். மகன் முகம் மலர்ந்து பதிலுக்கு அசைத்தான். அந்த வண்டியை வாங்குபவர்களில் பலர் வாங்குவது அந்தக் கையசைப்பைத்தான் என்று அப்போது தோன்றியது.

எவல்யூஷனை வைத்திருந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். கடைசல் எந்திரத்தில் வேலை செய்பவர். 2006ஆம் வருட வண்டி. எங்களை உட்காரவைத்து முதலில் ஒரு தடித்த கோப்பைக் கொடுத்தார். ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றியதற்கும் ரசீது இருந்தது. பிறகு கராஜுக்கு அழைத்துப்போய்ப் போர்வையை விலக்கினார். வெப்பமூட்டிய கராஜ். தூசியில்லாத வண்டி. சுபாருவில் சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் இருபுறமும் கிடக்கும். அந்த உறுமலில் ஒரு தடுமாற்றம், ஒரு தாளம் உண்டு. எவல்யூஷனின் எஞ்சின் நிமிர்ந்து வரிசையாக நிற்கும் நான்கு சிலிண்டர்கள், வார்ப்பிரும்பு உடல். அதன் குரலில் அழகு கிடையாது, அவசரம் மட்டும்தான். ஸ்டியரிங்கை நினைத்த மாத்திரத்தில் வண்டி திரும்பிவிடுகிறது. சுபாருவை நேசிப்பவர்கள் அதன் குணத்தைப் பேசுவார்கள். எவல்யூஷன்காரர்கள் அதன் துல்லியத்தைப் பேசுவார்கள். கடைசல்காரருக்கு அந்த வண்டி பொருத்தமாகத்தான் இருந்தது.

பனியில் எப்படி ஓடும் என்று கேட்டேன். அவர் என்னை அடிபட்டவர் போலப் பார்த்தார். "பனியில் நான் இதை எடுத்ததே இல்லை" என்றார். சாலையில் தூவும் உப்பு அடிப்பாகத்தைத் தின்றுவிடும். பனிக்கும் சேற்றுக்குமென்றே உருவான வண்டி, பத்தொன்பது வருடங்களாக அவை இரண்டையும் பார்க்காமல் வாழ்ந்திருக்கிறது. புதிதாக வந்தபோது அதன் விலை 30,000 டாலருக்குச் சற்று மேல். இப்போது அவர் கேட்டது அதைவிட அதிகம். எவல்யூஷன் தயாரிப்பு நின்றுபோனது. சுபாருவின் உச்ச வடிவமான எஸ்டிஐ 2021 மாடலோடு முடிந்தது. ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் 2018இல் போயிற்று. இப்போது புதிதாக வாங்கவேண்டுமென்றால் டபிள்யூஆர்எக்ஸ் இருக்கிறது, டொயோட்டாவின் ஜிஆர் கொரோலா இருக்கிறது, கோல்ஃப் ஆர் இருக்கிறது. எளியவனுக்கு எட்டும் வண்டி என்ற சொல்லுக்கு இன்று பழைய பொருள் இல்லை. அரிதானதும் அது சேகரிப்பாளரின் பொருளாகிவிடுகிறது. விடைபெறும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நாங்கள் வாங்கமாட்டோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

மூன்றாவது கோல்ஃப் ஆர். மேற்கே கீன் ஊரில் ஒரு குழந்தை மருத்துவர், நாற்பதுகளில் இருந்த பெண்மணி. வெளியிலிருந்து பார்த்தால் சந்தைக்குப் போகும் வண்டி; உள்ளே 292 குதிரைத்திறன். சாதாரண ஓட்டத்தில் இதன் விசை பெரும்பாலும் முன்சக்கரங்களுக்கே போகும். தேவைப்படும் கணத்தில் ஒரு கிளட்ச் இறுகிப் பின்சக்கரங்களையும் சேர்த்துக்கொள்ளும். ராலி ரசிகர்கள் இதை இரண்டாம் தரம் என்று சொல்வார்கள். மருத்துவருக்கு அந்த விவாதத்தில் அக்கறையில்லை. "இது வேகமான வண்டி என்று மருத்துவமனையில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தால் போதும்" என்றார். கராஜில் தனிச் சக்கரங்களில் மாட்டிய நான்கு பனிக்கால டயர்கள் அடுக்கியிருந்தன. அவற்றையும் சேர்த்தே தருவதாகச் சொல்லி, மகனைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "நான்கு சக்கர இயக்கம் உன்னைக் கிளப்பும், நிறுத்தாது."

திரும்பும் வழி 101ஆம் எண் சாலை. பீட்டர்பரோவைத் தாண்டியதும் டெம்பிள் மலையில் ஏறவேண்டும். அந்த ஏற்றத்தில் மகனிடம் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

2008 ஜனவரி. அவனுக்கு மூன்றரை வயது. நஷுவாவிலிருந்து பீட்டர்பரோவுக்கு நானும் அவனும் மட்டும் போய்க்கொண்டிருந்தோம். பனி பெய்து ஓய்ந்திருந்தது. மலையின் மறுபக்கம் ஏறும்போது மற்ற வண்டிகள் சறுக்கித் திணறின. நான் ஒவ்வொன்றாகக் கடந்து போனேன். நான்கு சக்கரங்களும் பற்றிக்கொண்டு இழுத்த அந்தச் சுகத்தை மறுக்கமாட்டேன். நான் போட்டிருந்தவை எல்லாப் பருவத்துக்குமான டயர்கள். கடுங்குளிரில் அவற்றின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்துவிடும் என்பதை நான் படித்திருந்தேன். பனிக்கால டயர் வாங்க வேண்டிய பணத்தை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைத்திருந்தேன். ஏறிய அதே வேகத்தில் இந்தப் பக்கம் இறங்கினேன். வளைவில், தார்ச்சாலையின் நிறத்திலேயே படிந்திருந்த பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியவில்லை. பிரேக்கை மிதித்தேன். பிரேக் என்பது எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. அங்கே என் வண்டிக்கு எந்தச் சலுகையும் கிடையாது. ஒன்றரைச் சுற்றுச் சுற்றி எதிர்த்தடத்தைக் கடந்து, ஓரத்தில் குவித்திருந்த பனிமேட்டில் பின்புறம் புதைந்து நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. சில விநாடிகள் கழித்து, நாங்கள் கடந்துவந்த தடத்தில் மரம் ஏற்றிய லாரி ஒன்று கீழிருந்து ஏறிப் போயிற்று.

பின்னிருக்கையிலிருந்து குரல் வந்தது: "அப்பா, இன்னொரு தடவ!"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் அம்மாவிடமும். வண்டியில் ஒரு கீறல்கூட இல்லாததால் சொல்லவேண்டிய கட்டாயமும் நேரவில்லை. அடுத்த வாரமே பனிக்கால டயர்கள் வாங்கினேன். இரண்டு வருடத்தில் வண்டியையே விற்றேன். குடும்பத்துக்கு இடம் போதவில்லை என்று காரணம் சொன்னேன்.

சொல்லிமுடித்தபோது மகன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஞாபகம் இருக்குப்பா" என்றான். "வெளியில எல்லாம் வெள்ளையாச் சுத்தினது. எங்க, எப்பன்னு தெரியாது. அதுதான் எனக்கு இருக்கிற முதல் ஞாபகம். நீங்க வேணும்னே எனக்காகச் செஞ்சீங்கன்னு இவ்ளோ நாளா நினைச்சுட்டிருந்தேன்."

பிறகு சற்றுத் தயங்கி, "அதனாலதான் எனக்கு இந்த வண்டிங்க பிடிக்கும்னு நினைக்கிறேன்" என்றான்.

யாருடைய மனத்தில் எது என்னவாகப் பதிகிறது என்பதை யாரால் சொல்ல முடியும்? என் வாழ்வின் மிக மோசமான அரை நிமிடம், அவனுக்கு அப்பா அளித்த பரிசாக இத்தனை வருடம் இருந்திருக்கிறது. இந்த வண்டிகளை யார் வாங்குகிறார்கள் என்று வயது, சம்பளம், தொழில் வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

அவன் மருத்துவரின் வண்டியை வாங்கினான். "சத்தமே இல்லப்பா" என்ற குறை அவனுக்கு இன்னும் இருக்கிறது. காப்பீட்டுத் தொகையைப் பார்த்தபின் அந்தக் குறை கொஞ்சம் அடங்கியது.

முதல் பெரும் பனி பெய்த ஞாயிறு காலை, ஏழு மணிக்கு என்னை எழுப்பினான். அலுவலகக் கட்டடம் ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில் மேலாளர் ஒருவரிடம் அனுமதி வாங்கியிருந்தான். ஒரு வண்டியும் இல்லாத வெண்பரப்பு. பனிக்கால டயர்கள் மாட்டியிருந்தன. மெதுவாகத் தொடங்கி, திருப்பி, வேண்டுமென்றே வண்டியைச் சறுக்கவிட்டான். பின்புறம் வெட்டியிழுத்துப் பாதிச் சுற்றுச் சுற்றி நின்றது. என் கை தானாகக் கதவின் பிடியைப் பற்றியிருந்தது. அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

"இன்னொரு தடவ செய்" என்றேன். "இந்தத் தடவ பிரேக்கைத் தொடாதே."