திருமயத்தில் இருட்டினால்...

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் திருமயம். 1687-ல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை. ஊர்க்காரர்களுக்கு அது ‘ஊமையன் கோட்டை’. மேலே ஏறி இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

எலெக்ட்ரிக் காரில் வந்தவர்கள் கிளம்புமுன் இரண்டு ஹெட்லைட்டும் எரிகிறதா என்று பார்ப்பது நல்லது. ஒன்று மட்டும் எரிந்தால், எதிரே வருகிறவர் பைக் என்று நினைத்து ஒட்டி வந்துவிடுவார்.

விளக்குக்கு மின்சாரம் தருவது சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான். ஃபியூஸ், கனெக்டர் கோளாறை உள்ளூர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனே பார்த்துவிடலாம். ஆரஞ்சு நிறக் கேபிளை மட்டும் யாரும் தொடக்கூடாது. அதில் உயர் மின்னழுத்தம்.

எல்இடி விளக்கே பழுதென்றால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். அன்றிரவு அங்கேயே தங்கிவிடுங்கள். பகல் வெளிச்சத்தில், போகிற வழியில் சித்தன்னவாசல் ஓவியங்களையும் பார்த்துவிடலாம்!