கேட்டது கணக்கில் வருமா

இந்த வருஷம் கதை, கவிதை நீங்கலாக 24 புஸ்தகங்கள் என்று நோட்டில் எழுதிவைத்தேன். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் ஒரு தொகுதி முடிவதற்குள் கண்ணில் புரை. 9 உடன் நின்றுவிட்டது. பிறகு உ.வே.சா.வின் ‘என் சரித்திர’த்தை ஒலிப்புத்தகமாகக் கேட்டேன். வாசிக்கிறவர் சுமார்தான். செய்யுள் வந்தால் தடுக்கி விழுகிறார். கேட்டது படித்ததாகாது என்கிறார் நண்பர். நானும் இத்தனை நாள் அப்படிப் பேசியவன்தான். ஆனால் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாட்டுகளை வாயால் சொல்ல, பிறர்தானே ஏட்டில் எழுதினார்கள்? 1876இல் அவருடைய கடைசி நேரத்தில் உ.வே.சா. திருவாசகம் வாசிக்க, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் இயர்போனைக் கழற்றினேன். இரண்டு நாளாகத் தொடவில்லை. எழுதியவரும் 1942இல் முடிக்காமலேயே போனார். நோட்டில் 10 என்று போட்டிருக்கிறேன், பென்சிலால்.